லாக்ரொட்டேட்டா, ஜர்னல்டியா, செயலியேவா: லாக் சுழற்சியை யாரிடம் விடுவது?

ஒரு சின்ன சர்வரை எடுத்துக்கொள்வோம். 40 ஜிபி டிஸ்க். முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர், பின்னால் குனிகார்னில் (பைத்தான் வெப் செயலிகளை ஓட்டும் சர்வர்) ஓடும் ஒரு பைத்தான் செயலி, அதே மெஷினில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், ஓரமாக இரண்டு மூன்று டாக்கர் கன்டெய்னர்கள் (தனித்தனிப் பெட்டிக்குள் ஓடும் செயலிகள்). தனி சிஸ்டம் அட்மின் வைத்துக்கொள்ள முடியாத எத்தனையோ சிறு நிறுவனங்களின் சர்வர் இப்படித்தான் இருக்கும். இதில் ஒவ்வொன்றும் தன் வழியில் லாக், அதாவது நடந்ததன் பதிவு, எழுதுகிறது. எதையும் கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் டிஸ்க் நிரம்பும். அன்றைக்கு அடிவாங்குவது லாக் மட்டுமில்லை. தன் பரிவர்த்தனைப் பதிவை எழுத இடமில்லாமல் போனால் போஸ்ட்கிரெஸ் பேனிக் ஆகி நின்றுவிடும். ஆக, லாக் சுழற்சி (பழைய லாக்கை ஒதுக்கிவிட்டுப் புதுக் கோப்பில் தொடங்கி, மிகப் பழையதை அழிப்பது) என்பது டேட்டாபேஸின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட.

இதற்குக் கருவிகள் நிறைய. எது சிறந்தது என்று தேடுவதற்கு முன்னால் ஒவ்வொரு லாக்குக்கும் ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும்: இந்தக் கோப்பை யார் திறந்து வைத்திருக்கிறார்கள், மூடிவிட்டுத் திரும்பத் திற என்றால் கேட்பார்களா? இதற்குப் பதில் தெரிந்தால் கருவியைத் தேர்ந்தெடுக்கும் வேலை பாதி முடிந்தது.

காரணம் லினக்ஸ் கோப்புகளை வைத்திருக்கும் விதம். ஒரு புரோகிராம் ஆக்சஸ் லாக்கைத் (வந்த வேண்டுகோள்களின் பதிவு) திறந்ததும், லினக்ஸின் மையமான கெர்னல் அதை அந்தக் கோப்பின் ஐனோடோடு (கோப்பை உள்ளே அடையாளம் காட்டும் பதிவு) இணைத்துவிடுகிறது. அதற்கப்புறம் பெயருக்கு வேலையில்லை. நீங்கள் பெயரை மாற்றினாலும் புரோகிராம் அதே ஐனோடில்தான் எழுதிக்கொண்டிருக்கும். கோப்பை அழித்தாலும் அப்படியே. பெயர் போய்விடும், இடம் திரும்பக் கிடைக்காது. டிஸ்க் எவ்வளவு நிரம்பியது என்று காட்டும் டிஎஃப் கட்டளை 100 சதவீதம் என்று சொல்லும், கோப்புகளின் அளவைக் காட்டும் டியூ கட்டளையில் கூட்டிப் பார்த்தால் பாதிகூட வராது. இந்த முரண்பாட்டைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டியது அழிக்கப்பட்டும் திறந்தே இருக்கும் கோப்பைத்தான். திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை, பெயர் இல்லாத கோப்புகளை மட்டும் காட்டச் சொல்லி ஓட்டினால், எந்தப் புரோகிராம் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். அதை ரீஸ்டார்ட் செய்த கணமே இடம் திரும்பும்.

முதல் தேர்வு: லாக்ரொட்டேட்

ரெட் ஹேட் நிறுவனத்தில் 1990களில் பிறந்து இன்றைக்குக் கிட்டத்தட்ட எல்லா லினக்ஸ் விநியோகங்களிலும் இருக்கும் கருவி இது. இது எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் சேவை கிடையாது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான், அல்லது சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் டைமர் வழக்கமாக நாளுக்கு ஒரு முறை எழுப்பிவிடும். அது எழுந்து, எந்த லாக்கை எப்போது கடைசியாகச் சுழற்றினோம் என்று தன் நிலைக் கோப்பில் பார்த்து, வேலையை முடித்துவிட்டுப் போய்விடும்.

வேலை என்ன? பழைய கோப்பின் பெயரை மாற்றும், அதே பெயரில் புதிதாக ஒன்றை உருவாக்கும், பிறகு போஸ்ட்ரொட்டேட் பகுதியில் நீங்கள் எழுதியதை ஓட்டும். இந்தக் கடைசிப் படியில்தான் சூட்சுமம் இருக்கிறது. என்ஜின்எக்ஸுக்கு யூஎஸ்ஆர்1 சிக்னல் (ஓடும் புரோகிராமுக்கு வெளியிலிருந்து தரும் குறிப்பு) அனுப்பினால் லாக் கோப்புகளை மூடித் திரும்பத் திறந்துகொள்ளும், ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பு ஒன்றுகூட அறுபடாது. டெபியன் லினக்ஸில் என்ஜின்எக்ஸ் பேக்கேஜோடு வரும் லாக்ரொட்டேட் அமைப்பு இதை ஒழுங்காகவே செய்கிறது: தினமும் சுழற்சி, 14 பழைய கோப்புகள், சுருக்கம், ஒரு சுற்று தாமதித்த சுருக்கம். சுருக்கத்தைத் தாமதிப்பது ஏன் என்றால், சிக்னல் போய்ச் சேர்ந்து எல்லா வொர்க்கரும் (என்ஜின்எக்ஸின் வேலை செய்யும் பிராசஸ்கள்) புதுக் கோப்புக்கு மாறும்வரை பழையதில் இன்னும் சில வரிகள் விழலாம். அதற்குள் சுருக்கிவிட்டால் அந்த வரிகள் போய்விடும். அமைப்பில் உள்ள அந்தத் தாமத வரியைத் தேவையில்லாதது என்று யாரும் நீக்காமல் இருப்பது நல்லது.

என்ஜின்எக்ஸ், அப்பாச்சி வெப் சர்வர், சிஸ்டம் லாக்குகளை எழுதும் ஆர்சிஸ்லாக் மாதிரி சிக்னலுக்குக் கட்டுப்படும் புரோகிராம்களுக்கு லாக்ரொட்டேட்டை மிஞ்ச எதுவும் இல்லை என்பது என் கருத்து. வந்த கோப்பு சாதாரண எழுத்துக் கோப்பு, கிரெப் கட்டளையில் தேடலாம், சுருக்கியதை இசட்கிரெப்பில் தேடலாம், இன்னொரு மெஷினுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம்.

சிக்கல் வருவது சொன்னால் கேட்காத புரோகிராமிடம். அதற்காகத்தான் காப்பிட்ரங்கேட் என்ற வழி இருக்கிறது. கோப்பை நகலெடுத்துவிட்டு, அசல் கோப்பை அங்கேயே பூஜ்யத்துக்கு வெட்டுவது. புரோகிராமுக்கு எதுவும் தெரியாது, ஐனோடும் மாறாது. கேட்க அருமையாக இருக்கும். ஆனால் மூன்று இடங்களில் கடிக்கும்.

நகல் முடிவதற்கும் வெட்டு விழுவதற்கும் நடுவில் எழுதப்பட்ட வரிகள் தொலைந்துபோகும். லாக்ரொட்டேட்டின் கையேடே இதை ஒப்புக்கொள்கிறது. ஒரு மணி நேரத்துக்குச் சில வரிகள் எழுதும் செயலிக்கு இது பொருட்டே இல்லை, வினாடிக்கு நூற்றுக்கணக்கில் எழுதுவதற்குப் பொருட்டுதான். அடுத்தது இடம். 8 ஜிபி லாக்கை நகலெடுக்க இன்னொரு 8 ஜிபி வேண்டும். டிஸ்க் நிரம்பப் போகிற நேரத்தில், அதைக் காப்பாற்ற வந்த கருவியே நிரப்பிவிடும். மூன்றாவது கொஞ்சம் விசித்திரமானது. புரோகிராம் கோப்பை அப்பெண்ட் முறையில் (எப்போதும் கடைசியில் சேர்ப்பது) திறக்காமல் சாதாரணமாகத் திறந்திருந்தால், வெட்டு விழுந்த பிறகும் தன் பழைய இடத்திலிருந்தே எழுதும். 8 ஜிபியில் நின்றிருந்தால் அடுத்த வரி 8 ஜிபிக்கு அப்பால் போய் விழும், முன்னால் முழுக்க வெற்று பைட்டுகள். எல்எஸ் கட்டளை 8 ஜிபி என்று காட்டும், டியூ சில கேபி என்று காட்டும், கிரெப் செய்தால் இது பைனரி கோப்பு என்று சொல்லிவிடும். ஷெல்லில் (கட்டளை எழுதும் இடம்) ஒற்றை > குறியால் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பியிருந்தால் இப்படித்தான் ஆகும், இரட்டை >> குறி போட்டிருந்தால் ஆகாது. காப்பிட்ரங்கேட்டைத் தவிர்க்க முடியாதபோது முதலில் சரிபார்க்க வேண்டியது இந்த ஒரு எழுத்தைத்தான்.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமைப்பில் சைஸ் 100 எம்பி என்று எழுதிவிட்டால் கோப்பு 100 எம்பியைத் தாண்டாது என்று பலர் நினைக்கிறார்கள். லாக்ரொட்டேட் எழும்போது மட்டும்தான் அளவைப் பார்க்கும். டைமர் நள்ளிரவில் ஒரு முறை என்றால், காலை பத்து மணிக்கு செயலி பைத்தியம் பிடித்த மாதிரி ஒரே பிழையை எழுத ஆரம்பித்தால் இரவுவரை கேட்க நாதியில்லை. அளவு உச்சவரம்பு உண்மையிலேயே வேண்டுமென்றால் டைமரை ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை ஓடும்படி மாற்றி, தினசரிச் சுழற்சியோடு மேக்ஸ்சைஸ் சேர்க்க வேண்டும். அப்போதுகூட ஒரு மணி நேர இடைவெளி இருக்கிறது. கோப்புப் பெயரில் தேதி சேர்க்கும் டேட்எக்ஸ்ட் வைத்திருந்தால் இன்னொன்றையும் மாற்ற வேண்டும்: ஒரே நாளில் இரண்டாவது முறை சுழற்றும்போது அதே பெயர் வந்து மோதும், லாக்ரொட்டேட் அந்தச் சுற்றைத் தவிர்த்துவிடும். தேதி வடிவத்தில் மணியையும் சேர்த்துவிட்டால் சரி.

இரண்டாவது: ஜர்னல்டி

சிஸ்டம்டியின் சொந்த லாக் சேவை இது. சிஸ்டம்டி உள்ள எல்லா சர்வரிலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. 2023இல் வந்த டெபியன் 12, புதிய நிறுவலில் ஆர்சிஸ்லாக்கைத் தானாகப் போடுவதையே நிறுத்திவிட்டது. ஜர்னல் மட்டும் போதும் என்பது அவர்கள் முடிவு. செயலி தன் லாக்கை ஸ்டான்டர்ட் அவுட்புட்டில் (வழக்கமாகத் திரைக்குப் போகும் வெளியீடு) கொட்டிவிட்டால் போதும், மற்றதை ஜர்னல்டி பார்த்துக்கொள்ளும். கோப்பைத் திறந்து வைத்திருப்பதும் அதுதான், சுழற்றுவதும் அதுதான். முன்னே கேட்ட கேள்விக்கே இடமில்லாமல் போய்விடுகிறது. இதை நான் பெரிதும் விரும்புவதற்குக் காரணம் இதுவே.

மொத்த அளவுக்கு நிஜமான உச்சவரம்பும் கிடைக்கிறது. எதுவும் மாற்றாவிட்டால் அந்த ஃபைல் சிஸ்டத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 4 ஜிபி. நம் 40 ஜிபி டிஸ்க்கில் இரண்டு கணக்கும் ஒன்றாக வருகிறது. சிஸ்டம்மேக்ஸ்யூஸ் என்ற வரியில் நமக்கு வேண்டியதை எழுதிக்கொள்ளலாம். எழுதும்போதே வரம்பைப் பார்த்துப் பழைய கோப்புகளை விட்டுவிடுவதால், நள்ளிரவுவரை காத்திருக்கும் பிரச்சினை இங்கே இல்லை. தேடுவதும் சுகம். இந்தச் சேவை, இந்த நேரத்திலிருந்து இந்த நேரம்வரை, பிழை மட்டும் என்று கேட்டால் வந்து நிற்கும்.

கவனிக்க வேண்டியவை உண்டு. முதலாவது, லாக் டிஸ்க்கில்தான் சேமிக்கப்படுகிறதா என்பது. ஸ்டோரேஜ் அமைப்பு ஆட்டோ என்று இருந்தால், /var/log/journal என்ற அடைவு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் டிஸ்க்கில், இல்லாவிட்டால் நினைவகத்தில். நினைவகத்தில் இருப்பது ரீபூட்டோடு போய்விடும். சர்வர் ஏன் விழுந்தது என்று எழுந்த பிறகு தேடினால் ஒன்றும் இருக்காது. பெர்சிஸ்டென்ட் என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள், சந்தேகத்துக்கு இடம் வேண்டாம்.

அடுத்தது, எல்லாச் சேவைகளும் ஒரே பையில் போடுகின்றன. ஒரு செயலி டீபக் லாக்கை (பிழை தேடுவதற்கான நுணுக்கப் பதிவு) அணைக்காமல் கொட்டிக்கொண்டிருந்தால், எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் வரும் வழி) நுழைவுப் பதிவுகள் உட்பட மற்றவர்களின் பழைய லாக் வெளியே தள்ளப்படும். சிஸ்டம்டி 245இலிருந்து லாக்நேம்ஸ்பேஸ் என்று ஒரு சேவைக்குத் தனிப் பை கொடுக்கலாம். சத்தம் போடும் சேவைக்கு இதைக் கொடுப்பது நல்லது. வேகக் கட்டுப்பாடும் உண்டு. இயல்பாக ஒரு சேவை 30 வினாடிக்குள் 10,000 வரிகள். டிஸ்க்கில் காலி இடத்தைப் பொறுத்து இந்த எண் பெருகும். அதற்கு மேல் வருவதைத் தூக்கியெறிந்துவிட்டு, இத்தனை வரிகளை விட்டுவிட்டேன் என்று ஒரு குறிப்பு எழுதும். சாதாரண செயலிக்கு இது பாதுகாப்பு. ஒவ்வொரு வரியும் கணக்கு என்கிற ஆக்சஸ் லாக்குக்கு இது ஆகாது. அதனால்தான் என்ஜின்எக்ஸ் ஆக்சஸ் லாக்கை ஜர்னலுக்கு அனுப்புவதை நான் பரிந்துரைப்பதில்லை.

கோப்பு பைனரி என்பது பலரின் ஆட்சேபம். சர்வர் செத்து, டிஸ்க்கை வேறு மெஷினில் மாட்டிப் பார்க்கும்போது அங்கே ஜர்னலைப் படிக்கும் ஜர்னல்சிடிஎல் கட்டளை வேண்டும். அது இல்லாத லினக்ஸ் இன்றைக்கு அரிது என்பதால் எனக்கு இது பெரிய குறையாகப் படவில்லை. ஒவ்வொரு வரியோடும் பிராசஸ் எண், சேவைப் பெயர், பயனர் என்று கூடுதல் விவரம் சேர்வதால் அதே லாக் எழுத்துக் கோப்பைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

மூன்றாவது: செயலியே சுழற்றிக்கொள்வது

ஜாவாவில் லாக்4ஜே, பைத்தானில் ரொட்டேட்டிங் ஃபைல் ஹேண்ட்லர் என்று மொழிக்கு மொழி இது இருக்கிறது. ஒரே பிராசஸாக ஓடும் ஜாவா செயலிக்கு நன்றாகவே வேலை செய்யும். அளவு தாண்டிய கணத்திலேயே சுழலும், வரி எதுவும் தொலையாது.

பைத்தான் வெப் செயலி என்றால் தொடவே தொடாதீர்கள் என்பேன். குனிகார்ன் நான்கு வொர்க்கர்களை ஓட்டினால் நான்கும் தனித்தனி பிராசஸ். நால்வரும் ஒரே கோப்பைத் திறந்திருக்க, ஒருவர் அளவு தாண்டிவிட்டது என்று பெயரை மாற்றுகிறார். மற்ற மூவர் பழையதிலேயே எழுதுகிறார்கள். பிறகு இன்னொருவர் தன் பங்குக்குச் சுழற்றுகிறார், முதலாமவர் ஒதுக்கி வைத்தது மேலெழுதப்படுகிறது. பல பிராசஸ்கள் ஒரே கோப்பில் லாக் எழுதுவதை ஆதரிப்பதில்லை என்று பைத்தான் ஆவணமே சொல்கிறது. இதில் மோசம் என்னவென்றால் பிழைச் செய்தி எதுவும் வராது. லாக்கில் ஓட்டை விழுந்திருப்பது, அந்த நேரத்து லாக்கைத் தேடும் நாளில்தான் தெரியும். கோப்பில்தான் எழுதியாக வேண்டும் என்றால் வாட்ச்ட் ஃபைல் ஹேண்ட்லர் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கு முன்னும் ஐனோடு மாறிவிட்டதா என்று பார்த்து, மாறியிருந்தால் புதிதாகத் திறந்துகொள்ளும். அதை வைத்துக்கொண்டு சுழற்சியை லாக்ரொட்டேட்டிடம் விட்டுவிடலாம்.

போஸ்ட்கிரெஸின் லாக் சேகரிப்பான் இந்த வகையில் ஒழுங்கான ஒன்று. நாளுக்கு ஒன்று, அல்லது 10 எம்பிக்கு ஒன்று என்று புதுக் கோப்புக்கு மாறும். ஆனால் பழையதை அழிக்காது, அழிப்பது உங்கள் வேலை. கோப்புப் பெயரில் கிழமையை மட்டும் வைத்து, சுழலும்போது பழையதை வெட்டு என்று அமைத்துவிட்டால், ஏழு கோப்புகள் வாரா வாரம் தாமாகவே மேலெழுதப்படும். அப்படிச் செய்யும்போது 10 எம்பி வரம்பைப் பூஜ்யமாக்கிவிட வேண்டும். வெட்டு என்பது நேரத்தை வைத்து மாறும்போது மட்டும் நடக்கும், அளவை வைத்து மாறும்போது நடக்காது. ரெட் ஹேட் வழி பேக்கேஜ்கள் இந்த அமைப்போடேயே வருகின்றன. இன்னொன்றும் முக்கியம்: தானே சுழற்றிக்கொள்ளும் எதன்மேலும் லாக்ரொட்டேட்டையும் ஏவாதீர்கள். பாதுகாப்புத் தணிக்கைப் பதிவை எழுதும் ஆடிட்டிக்கும் இதே விதி. ஒரு மாட்டை இருவர் ஓட்டினால் வயலுக்குப் போய்ச் சேராது.

குழாய் வழியும் டாக்கரும்

டேனியல் பெர்ன்ஸ்டைன் எழுதிய டீமன்டூல்ஸ் என்ற கருவித் தொகுப்பில் மல்டிலாக் என்று ஒரு சின்னக் கருவி உண்டு. செயலியின் வெளியீட்டைக் குழாய் (ஒரு புரோகிராமின் வெளியீட்டை நேரே இன்னொன்றுக்குத் தரும் பைப்) வழியாக வாங்கி, இத்தனை பைட், இத்தனை கோப்பு என்ற வரம்புக்குள் எழுதிக்கொண்டே போகும். வரம்பு மீறவே மீறாது. அப்பாச்சியின் ரொட்டேட்லாக்ஸும் இதே பாணி. டிஸ்க்கில் எழுத முடியாமல் போனால் மல்டிலாக் வரிகளைத் தூக்கியெறியாமல் காத்திருக்கும், குழாய் நிரம்பியதும் செயலியும் நின்றுவிடும். லாக் போனாலும் பரவாயில்லை, சேவை நிற்கக் கூடாது என்பவர்களுக்கு இது சரிவராது. சிஸ்டம்டி உள்ள சர்வரில் இதற்காகத் தனியாக ஒன்றை ஏற்ற எனக்குக் காரணம் தெரியவில்லை.

டாக்கரில் தேர்வு எளிது. கன்டெய்னர் லாக்கை இயல்பாக எழுதும் ஜேசன் ஃபைல் டிரைவருக்கு, நீங்கள் வரம்பு எழுதாவிட்டால் சுழற்சியே கிடையாது, கன்டெய்னர் அழியும்வரை கோப்பு வளர்ந்துகொண்டே போகும். லோக்கல் டிரைவருக்கு மாற்றினால் 20 எம்பி வீதம் ஐந்து கோப்பு, கன்டெய்னருக்கு 100 எம்பி என்று அதுவே பார்த்துக்கொள்ளும். இந்த மாற்றம் புதிதாக உருவாக்கும் கன்டெய்னர்களுக்கு மட்டும்தான் பொருந்தும். ரீஸ்டார்ட் போதாது, பழையதை நீக்கிவிட்டுத் திரும்ப உருவாக்க வேண்டும்.

எத்தனை நாள் வைப்பது?

இந்தியாவில் இயங்கும் நிறுவனங்களுக்கு இது சொந்த விருப்பம் மட்டுமல்ல. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, சேவை வழங்குநர்கள், டேட்டா சென்டர்கள், நிறுவனங்கள், அரசு அமைப்புகள் ஆகியோர் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாட்களுக்குப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. டெபியனில் என்ஜின்எக்ஸுக்கு இயல்பாகக் கிடைப்பது 14 நாள். ஆர்சிஸ்லாக் கோப்புகளுக்கு நான்கு வாரம். இயல்பு அமைப்பை நம்பி உட்கார்ந்திருந்தால் 180க்குப் பக்கத்தில்கூட வராது.

என்ஜின்எக்ஸில் ஒரு வேண்டுகோளுக்கு ஏறக்குறைய 200 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 10 லட்சம் வேண்டுகோள் வந்தால் 200 எம்பி. 180 நாளுக்கு 36 ஜிபி. நம் டிஸ்க்கே 40தான். ஆக்சஸ் லாக்கில் திரும்பத் திரும்ப அதே சொற்கள் வருவதால் ஜிசிப் நன்றாகவே சுருக்கும். பத்தில் ஒன்றாகக் குறைந்தால்கூட 4 ஜிபி வாக்கில் வந்துவிடும். முடியாத காரியமில்லை. ஆனாலும் அதே சர்வரில் வைப்பதைவிட வெளியே அனுப்புவது மேல். உள்ளே நுழைந்தவன் முதலில் கைவைப்பது லாக்கில்தான்.

வெளியே அனுப்பும்போது டேட்எக்ஸ்ட் கட்டாயம். அது இல்லாவிட்டால் நேற்றைய இரண்டாம் எண் கோப்பு இன்றைக்கு மூன்றாம் எண் ஆகிவிடும், எல்லாப் பெயர்களும் ஒரு படி நகரும். மாறிய கோப்புகளை மட்டும் அனுப்பும் ஆர்சிங்க் ஒவ்வொன்றையும் புதுக் கோப்பு என்று நினைத்துத் தினமும் முழுவதையும் அனுப்பும். தேதியோடு பெயர் வைத்தால் அன்றைய ஒரு கோப்பு மட்டும் போகும்.

நம் சர்வருக்கு என் தேர்வு

என்ஜின்எக்ஸுக்கு லாக்ரொட்டேட், சிக்னல் வழியில், டேட்எக்ஸ்ட்டோடு, தினமும் சுருக்கிய கோப்பை உள்நாட்டிலேயே உள்ள வேறொரு சேமிப்பகத்துக்கு அனுப்பிவிடுவேன். பைத்தான் செயலியைக் கோப்பில் எழுத விடவே மாட்டேன். எல்லாம் ஸ்டான்டர்ட் அவுட்புட், அங்கிருந்து ஜர்னல்டி, தனி நேம்ஸ்பேஸில் 1 ஜிபி வரம்பு. மற்றச் சேவைகளுக்கு இன்னொரு 1 ஜிபி. எஸ்எஸ்ஹெச் நுழைவுப் பதிவு உட்பட இவையும் 180 நாள் நிற்க வேண்டியவையே என்பதால், ஜர்னலில் சேர்ந்ததையும் தினமும் எடுத்து அதே சேமிப்பகத்துக்கு அனுப்புவேன். போஸ்ட்கிரெஸ் தானே சுழற்றும், கிழமைப் பெயரில் ஏழு கோப்பு, அவற்றையும் தேதி போட்டு அதே சேமிப்பகத்துக்கு அனுப்புவேன். டாக்கருக்கு லோக்கல் டிரைவர், அந்த லாக்கையும் அப்படியே அனுப்புவேன். காப்பிட்ரங்கேட், மூலநிரல் கையில் இல்லாத, சிக்னலும் தெரியாத, ஸ்டான்டர்ட் அவுட்புட்டிலும் எழுதாத ஏதாவது பழைய புரோகிராம் இருந்தால் மட்டும்.

செயலியை நாளுக்கு இரண்டு மூன்று முறை புதுப்பிக்கும் குழுவாக இருந்தால் அந்த 1 ஜிபியை 2 ஆக்கிக்கொள்ளலாம். நினைவகம் குறைவாக, எஸ்டி கார்டில் ஓடும் ராஸ்பெரி பை மாதிரி கருவியென்றால் கணக்கே வேறு. அங்கே ஜர்னலை நினைவகத்திலேயே வைத்து, முக்கியமானதை மட்டும் வெளியே அனுப்புவது கார்டின் ஆயுளுக்கு நல்லது.

அமைத்து முடித்ததும் லாக்ரொட்டேட்டை முதலில் டீபக் முறையில் ஓட்டிப் பாருங்கள், எதையும் தொடாமல் என்ன செய்யப் போகிறது என்று மட்டும் சொல்லும். பிறகு கட்டாயச் சுழற்சி ஒன்று செய்துவிட்டு, எல்எஸ்ஓஎஃப்பில் என்ஜின்எக்ஸ் பிடித்திருப்பது புதுக் கோப்பைத்தானா என்று பாருங்கள். மறுநாள் காலையில் டைமர் தானாக ஓடியதா என்றும் பார்க்க வேண்டும். அமைப்புக் கோப்பு ரூட் (தலைமைப் பயனர்) கணக்குக்குச் சொந்தமாக இல்லாவிட்டாலோ, குழுவுக்கு எழுதும் அனுமதி இருந்தாலோ லாக்ரொட்டேட் அதைப் புறக்கணித்துவிடும். லாக் அடைவுக்கே தளர்வான அனுமதி இருந்தால் சுழற்ற மறுத்துவிடும். இரண்டையும் லாக்ரொட்டேட் சேவையின் ஜர்னலில்தான் எழுதி வைக்கும், போய்ப் பார்த்தால்தான் தெரியும்.